சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? மூளை ரத்தக்குழாயும் எம்.ஆர்.ஐ.யும்: வாசகர் கேள்வி-பதில்

மூளை ரத்தக்குழாய் நோய்களுக்கு எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம். நரம்பியல், கதிரியக்கத் துறை மருத்துவர்கள் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

அப்பாவுக்கு வயது 62. ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர், விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்திருக்க முடியவில்லை. வலது கை, கால் விழுந்து வாய் கோணியிருந்தது. சி.டி. எடுத்து ‘நார்மல்’ என்றார்கள். அப்புறமும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நார்மல் என்றால் இன்னொரு ஸ்கேன் எதற்கு? ‘கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்’ என்று ஆளாளுக்குக் கேட்டதும் ஏன்?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

இந்த நேரத்தில் ‘சி.டி. நார்மல்’ என்றால் மூளையில் ரத்தம் கசியவில்லை என்றுதான் அர்த்தம். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கவாதம் கசிவாலும் வரும், அடைப்பாலும் வரும். கசிவு சி.டி.யில் உடனே வெள்ளையாகத் தெரிந்துவிடும். அடைப்போ முதல் சில மணி நேரம் பெரும்பாலும் பிடிபடாது.

அடைப்பைச் சில நிமிடங்களிலேயே காட்டுவது எம்.ஆர்.ஐ.யில் உள்ள டி.டபிள்யூ.ஐ. என்ற படம். அதை எடுக்க ஒன்றிரண்டு நிமிடம் போதும். ரத்தம் போகாத உயிரணுக்கள் தண்ணீர் ஏறி உப்பிவிடும். அங்கே நீர் மூலக்கூறுகள் அசைய இடமிருக்காது. அசையாத நீர் டி.டபிள்யூ.ஐ.யில் பளிச்சென்று வெள்ளையாக விழும். கூடவே ஏ.டி.சி. என்று ஒரு படம் வரும். அதில் அதே இடம் கறுப்பாக இருந்தால் அடைப்பு புதிது. இரண்டிலும் வெள்ளை என்றால் பழைய தழும்பாக இருக்கலாம். ஏ.டி.சி.யின் கறுப்பு ஒரு வாரம், பத்து நாளில் மங்கிவிடும். அதனால் நாள் கழித்து எடுத்த படத்தை வைத்து ‘புதிதா, பழையதா’ என்று அடித்துச் சொல்ல முடியாது.

இனி மணிக் கணக்கு. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூக்கத்திலேயே வந்த பக்கவாதத்துக்கு மணி யாருக்கும் தெரியாது. அங்கேதான் ஃப்ளேர் என்ற இன்னொரு படம் கைகொடுக்கிறது. பாதித்த இடம் ஃப்ளேரில் வெளுக்கச் சில மணி நேரம் ஆகும். டி.டபிள்யூ.ஐ.யில் தெரிந்து ஃப்ளேரில் தெரியாவிட்டால், பெரும்பாலும் 4.5 மணி நேரம் ஆகவில்லை என்று கொள்ளலாம். இப்படித் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஊசி போட்டுப் பார்த்த ஐரோப்பிய ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. ஊசி போட்டவர்களில் 100-க்கு 53 பேரும், போடாதவர்களில் 42 பேரும் நன்றாகத் தேறினார்கள். ஊசியால் மூளையில் ரத்தம் கசிந்து நிலை மோசமாவது 0.4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் கூடியது. லாபமும் ஆபத்தும் சேர்ந்ததுதான் இந்த ஊசி.

வீட்டார் செய்யும் பெரிய பிழை, ‘ராத்திரி ஒன்பதரைக்குப் படுத்தார்’ என்று மட்டும் சொல்வது. இரண்டு மணிக்கு எழுந்து கொல்லைப்பக்கம் போனாரா? மும்முனை கரண்ட் வந்ததென்று மோட்டார் போட எழுந்தாரா? அப்போது யாரிடமாவது பேசினாரா? இரண்டரை மணிக்கு மோட்டார் போட்டுவிட்டு வந்து அம்மாவிடம் நாலு வார்த்தை சரியாகப் பேசியிருந்தால், ஐந்து மணிக்கு ஆகியிருப்பது இரண்டரை மணி நேரம்தான். ஊசிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பெரிய குழாயில் அடைப்பு என்றால், தொடை வழியாகக் குழாய் விட்டு ரத்தக்கட்டியை எடுக்கும் சிகிச்சையைத் தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். அது வேண்டுமா என்று தீர்மானிக்கத்தான் ரத்தக்குழாய்ப் படத்தையும் சேர்த்து எடுப்பது.

வண்டி வருவதற்குள் வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினைக் கொடுத்துவிடாதீர்கள். அடைப்பா கசிவா என்பது ஸ்கேனுக்கு முன்னால் யாருக்கும் தெரியாது.

மகளுக்குப் பிரசவமாகிப் பன்னிரண்டு நாள். ஐந்து நாளாகத் தலைவலி, வாந்தி. ஒரு நாள் வலிப்பும் வந்துவிட்டது. முதலில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். இரண்டு நாள் கழித்து வேறு இடத்தில் எம்.ஆர்.வி. எடுத்து ‘சிரையில் ரத்தக்கட்டு, கொஞ்சம் கசிவும் இருக்கிறது’ என்றார்கள். முதல் எந்திரம் சரியில்லையா? கசிவு இருக்கும்போதே ரத்தத்தை இளக்கும் ஊசியும் போடுகிறார்களே, பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், பாபநாசம்

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம், அம்மா. மூளைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி பாசன வாய்க்கால் மாதிரி. திரும்ப எடுத்துப் போகும் சிரை வடிகால் மாதிரி. வடிகால் தூர்ந்துபோனால் வயலில் தண்ணீர் தேங்கிக் கடைசியில் வரப்பு உடைத்துக்கொள்ளும். உங்கள் மகளுக்கு ஏற்பட்ட கசிவு அந்த உடைப்புதான். வரப்பை மட்டும் அடைத்து என்ன பயன்? வடிகால் திறக்க வேண்டும். அதனால்தான் இந்த ஒரு நோயில், கசிவு இருந்தாலும் ஹெப்பாரின் வகை ஊசி போடுகிறார்கள். உலகம் முழுக்க உள்ள நடைமுறை இது. ஊசிக்குப் பிறகு சில மாதங்களுக்கு மாத்திரை தொடரும். பால் கொடுப்பதைச் சொல்லியே மாத்திரையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஹெப்பாரினும் வார்ஃபரினும் தாய்ப்பாலுக்குத் தடையில்லை. புதிய வகை மாத்திரைகளைப் பால் கொடுக்கும்போது வழக்கமாகத் தவிர்ப்பார்கள்.

முதல் ஸ்கேனுக்கு வருவோம். எந்திரத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. எம்.ஆர்.ஐ. என்பது ஒரே படம் அல்ல. ஒவ்வொரு வரிசையும் ஒவ்வொரு கேள்விக்குப் பதில் சொல்லும். ஸ்கேனுக்கு மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் ‘எம்.ஆர்.ஐ. பிரைன், தலைவலி’ என்று மட்டும் இருந்தால் டெக்னீஷியன் வழக்கமான வரிசைகளை ஓட்டுவார். சிரையைப் பார்க்கும் எம்.ஆர்.வி. அதில் இருக்காது. இந்தச் சீட்டு இப்படி இருந்திருக்க வேண்டும்: ‘பிரசவமாகி 12 நாள். 5 நாளாகத் தலைவலி, வாந்தி, ஒருமுறை வலிப்பு. சிரை அடைப்பா? எம்.ஆர்.வி., எஸ்.டபிள்யூ.ஐ. சேர்த்து எடுக்கவும்.’ இரண்டு வரிதான். (எஸ்.டபிள்யூ.ஐ. என்பது ரத்தக்கட்டையும் கசிவையும் கறுப்பாகக் காட்டும் படம்.) எந்திரம் எத்தனை டெஸ்லா (காந்தத்தின் வலிமையை அளக்கும் அலகு) என்பதைவிட இந்த இரண்டு வரிக்கு மதிப்பு அதிகம் என்பது எங்கள் கருத்து.

ரத்தக்கட்டின் நிறமும் நாளுக்கு நாள் மாறும். டி1, டி2 என்பவை எம்.ஆர்.ஐ.யின் இரண்டு அடிப்படைப் படங்கள். வழக்கமான டி2 படத்தில் ஓடுகிற ரத்தம் கறுப்பாக விழும். புதிய கட்டியும் முதல் ஐந்து நாள் வரை அதே கறுப்பில்தான் இருக்கும்; டி1 படத்தில் மூளையோடு ஒட்டிய சாம்பல் நிறம். பழகிய கண்ணையே அது ஏமாற்றும். ஆறாம் நாளுக்கு மேல் டி1, டி2 இரண்டிலும் வெள்ளையாகிவிடும், அப்போது எவர் கண்ணிலும் படும். முதல் நாட்களில் காட்டிக்கொடுப்பது எஸ்.டபிள்யூ.ஐ.: கட்டி இருக்கும் சிரை தடித்துக் கரிக்கோடு மாதிரி தெரியும். எத்தனை நாளாகத் தலைவலி என்று சீட்டில் எழுதச் சொல்வது இதனால்தான்.

எதிர்ப்பக்கப் பிழையும் நடப்பதுண்டு. பலருக்குப் பின்தலையில் குறுக்கே ஓடும் இரண்டு சிரைப் பாதைகளில் ஒன்று, அதிலும் இடதுபக்கத்தது, பிறவியிலேயே சிறுத்திருக்கும். குழாயைப் பளிச்சென்று காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து ஊசி போடாமல் எடுக்கும் எம்.ஆர்.வி.யில் ஓட்டம் மெதுவாக இருக்கும் இடம் விடுபட்டு, அடைப்பு போலவே தோன்றும். அந்த ஒரு படத்தை வைத்து ‘கட்டி’ என்று முடிவுகட்டக் கூடாது. டி1, எஸ்.டபிள்யூ.ஐ. இரண்டிலும் அதே இடத்தில் கட்டி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எம்.ஆர்.வி. எடுத்தால் தெளிந்துவிடும். மயிலாடுதுறையிலிருந்து ‘இடது சிரைப் பாதை சிறுத்துள்ளது’ என்ற ரிப்போர்ட்டை அனுப்பிப் பயந்து கேட்ட வாசகருக்கும் இதுதான் பதில்: வேறு எதுவும் எழுதியிருக்காவிட்டால் அது பெரும்பாலும் உங்கள் பிறவி அமைப்பு.

பிரசவத்துக்குப் பின் சில வாரம் ரத்தம் இயல்பாகவே உறையும் தன்மை கூடியிருக்கும். அதோடு ‘பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் சீதளம்’ என்று தாகத்துக்குக்கூடத் தண்ணீர் தராமல் வைப்பது இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் இது எரிகிற கொள்ளியில் எண்ணெய். பத்தியச் சாப்பாடு எப்படியும் இருக்கட்டும், வெந்நீராகவாவது தண்ணீரைத் தாராளமாகக் கொடுங்கள். பிறகு குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை கேட்கும்போது இந்த நோயைச் சொல்லிவிட வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்தது அவருக்கு ஆகாது.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் தாலியைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா? தங்கத்தைக் காந்தம் இழுக்காதே?
– வாசகி, கும்பகோணம்

இழுக்காது. ஆனால் தாலிக்கொடியில் கோத்து வைத்திருக்கும் ஊக்கை இழுக்கும். ஒன்று அவசரத்துக்கு, ஒன்று உதவிக்கு என்று மூன்று நாலு ஊக்கு தொங்குவது சாதாரணம். அத்தனையும் எஃகு. தங்கத்திலும் ஒரு சங்கடம் உண்டு: கழுத்தில் வளையமாகக் கிடக்கும் உலோகத்தில் மின்னோட்டம் தூண்டப்பட்டுச் சூடேறலாம், கழுத்து ரத்தக்குழாய்ப் படமும் அந்த இடத்தில் கெடும். மனசு ஒப்பாதவர்கள் கொடியைக் கழற்றி வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு போகலாம். அதில் ஊக்கு மாட்டிவிடாதீர்கள்.

கொண்டை ஊசி, சவுரிக்குள் செருகிய கம்பி, கழற்றி மாட்டும் பல்செட், காது கேட்கும் கருவி, அரைஞாணில் கட்டிய தாயத்து எல்லாம் வெளியே. ஜரிகைப் புடவையும் வேண்டாம், அதில் உலோக இழை இருக்கலாம். அங்கே தரும் பருத்தி உடையே சரி. வெள்ளி மெட்டி வராமல் இறுகியிருந்தால் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள், பிளாஸ்டர் சுற்றி விடலாமா என்று அவர் பார்த்துச் சொல்வார். பல்லில் நிலையாகப் போட்ட உலோகத் தொப்பி ஆபத்தில்லை. ஆனால் டி.டபிள்யூ.ஐ. படத்தை அந்தப் பக்கம் இழுத்துக் கோணலாக்கும், அதனால் முன்பே சொல்ல வேண்டும்.

லேத், வெல்டிங், டிராக்டர் பட்டறை, கிரைண்டிங் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என்றைக்காவது கண்ணில் இரும்புத் துகள் பட்டிருந்தால் முதலில் கண்குழிக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே துகள் தங்கியிருந்தால் காந்தம் அதை நகர்த்திப் பார்வையையே பறித்துவிடும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதன் அட்டையையும், மூளைக் குழாய்வீக்கத்துக்குக் கிளிப் போட்டவர்கள் அறுவைச் சிகிச்சைக் குறிப்பையும் கொண்டுவர வேண்டும்; மாடல் தெரியாமல் உள்ளே விட மாட்டார்கள். இதய ஸ்டென்ட்டுக்குப் பெரும்பாலும் தடையில்லை.

கூட வருபவர்களுக்கும் இது பொருந்தும். ஸ்கேன் ஓடாதபோதும், கரண்ட் போனாலும், அந்தக் காந்தம் விழித்துக்கொண்டேதான் இருக்கும். திரவ ஹீலியத்தில் குளிர்ந்து கிடக்கும் மின்கம்பிச் சுருள் அது, அணைத்து ஏற்றும் விளக்கு அல்ல. ஆக்சிஜன் சிலிண்டரோ இரும்புச் சக்கர நாற்காலியோ உள்ளே போனால் பறந்து வந்து நோயாளியின் மேல் மோதும்.

கழுத்து ரத்தக்குழாயில் எம்.ஆர்.ஏ. ‘80 சதவீதம் சுருக்கம்’ என்றது. அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுத்த சி.டி. ஆஞ்சியோவில் 55 சதவீதம்தான். எதை நம்புவது?
– வாசகர், மன்னார்குடி

இந்த ஜோடியில் சி.டி. ஆஞ்சியோவை. எம்.ஆர்.ஏ. என்பது எம்.ஆர்.ஐ. எந்திரத்தில் எடுக்கும் தமனிப் படம்; சி.டி. ஆஞ்சியோ, மருந்து ஊசி போட்டு சி.டி.யில் எடுக்கும் ரத்தக்குழாய்ப் படம். மருந்து ஊசி இல்லாமல் எடுக்கும் எம்.ஆர்.ஏ. குழாயின் உருவத்தைப் பார்ப்பதில்லை, ஓட்டத்தைப் பார்க்கிறது. ஒரு துண்டுப் பகுதியை ரேடியோ அலையால் விடாமல் தட்டித் தட்டி அதன் ஒளியை அடக்கி வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து புதிதாகப் பாய்ந்து வரும் ரத்தம் மட்டும் பளிச்சிடும். சுருக்கத்தைத் தாண்டியதும் ரத்தம் மதகடி நீர் மாதிரி சுழலும். சுழலும் இடத்தில் ஒளி போய்விடும், படத்தில் குழாயே இல்லாத மாதிரி தோன்றும். அதனால் இந்தப் படம் சுருக்கத்தைக் கூட்டித்தான் காட்டும். குழாய் வளைந்து படத்தின் தளத்தோடே ஓடும் இடத்திலும் இதே கதை.

ஆனாலும் பயன் உண்டு: இந்தப் படத்தில் நல்லபடியாக இருந்தால் பெரும்பாலும் அங்கே பெரிய சுருக்கம் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம். மோசம் என்று வந்தால் இன்னொரு முறையில் உறுதி செய்யாமல் கத்தி எடுக்கக் கூடாது. உங்கள் மருத்துவர் செய்தது சரி.

வயது 66. ரிப்போர்ட்டில் ‘சிறு ரத்தக்குழாய் மாற்றங்கள், ஃபசேகாஸ் 1’ என்று இருக்கிறது. எனக்கும் பக்கவாதம் வந்துவிட்டதா?
– வாசகர், பட்டுக்கோட்டை

இல்லை. ஆஸ்திரிய நரம்பியல் மருத்துவர் ஃபசேகாஸின் குழு 1987-இல் வகுத்த அளவுகோல் இது. ஃப்ளேர் படத்தில் மூளையின் வெள்ளைப் பகுதியில் தெரியும் புள்ளிகளை 0 முதல் 3 வரை எண்ணிடுகிறது. 1 என்றால் அங்கங்கே சிறு புள்ளி; உங்கள் வயதில் தலைமுடி நரைப்பது போலத்தான். 2-இல் புள்ளிகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கும், 3-இல் திட்டாகப் பரவும். அந்த நிலையில் நடை தடுமாற்றம், மறதி, பக்கவாத ஆபத்து எல்லாம் கூடும். புள்ளியைக் கரைக்க மாத்திரை கிடையாது. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து, சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு, பீடி சிகரெட்டை விட்டால் போதும். ‘எண் குறைந்ததா’ என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பணத்தைக் கரைக்காதீர்கள்.

அதே ரிப்போர்ட்டில் ‘நுண் கசிவுகள்’ என்று இருந்தால், எங்கே என்று கேளுங்கள். மூளையின் ஆழத்தில் என்றால் பெரும்பாலும் பிரஷரின் கைவரிசை. ஓரமாக, மேல்பரப்பை ஒட்டி என்றால் வயதானவர்களுக்கு வரும் வேறொரு குழாய்நோயாக இருக்கலாம். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அக்கா மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனார். நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். எல்லோரும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?
– வாசகர், நாகப்பட்டினம்

இப்படி வெடிப்பது பெரும்பாலும் குழாய்ச் சுவர் பலவீனமாகிப் புடைத்த வீக்கம்தான். பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் என்ற வட்டத்தில் இரண்டு பேருக்காவது இந்தக் குழாய்வீக்கம் இருந்தால் மற்றவர்கள் எம்.ஆர்.ஏ. எடுத்துப் பார்ப்பது நல்லது. குடும்பத்தில் சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டி வரும் பரம்பரை நோய் இருந்தாலும் எடுக்கலாம். ஒருவருக்கு மட்டும் என்றால் எல்லோருக்கும் கட்டாயமில்லை. மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். பிரஷரும் புகையும் வீக்கம் வெடிப்பதற்கான ஆபத்தைக் கூட்டுபவை, அவற்றை இன்றைக்கே கவனிக்கலாம்.

எடுப்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். மருந்து ஊசி இல்லாமல் ஐந்தாறு நிமிடத்தில் எடுக்கும் எம்.ஆர்.ஏ. 3 மி.மீ.க்கு மேற்பட்ட வீக்கத்தை நன்றாகக் காட்டும், அதைவிடச் சிறியது தப்பிவிடலாம். 2 மி.மீ. வீக்கம் ஒன்று கிடைத்தால், பெரும்பாலும் எதுவும் செய்யாமல் இடைவெளி விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் சொல்வார்கள். அந்தக் கவலையோடு தூங்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இடி விழுந்த மாதிரி, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் தலைவலி வந்தால் எம்.ஆர்.ஐ.க்கு டோக்கன் போட்டுக் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். அங்கே முதலில் எடுக்க வேண்டியது சி.டி.

கிரியாட்டினின் 1.8. கான்ட்ராஸ்ட் ஊசி போடலாமா?
– வாசகர், வேதாரண்யம்

கிரியாட்டினினை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வயது, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். கணக்கிட வேண்டும். அது 30-க்குக் கீழே இருந்தால் எம்.ஆர்.ஐ.க்குப் போடும் கான்ட்ராஸ்ட் மருந்தான கேடோலினியம் ஊசிக்கு முன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பார்கள். பழைய வகை மருந்துகளால் தோல் கல்லாக இறுகும் நோய் வந்ததுண்டு. இப்போதைய வளைய வகை மருந்துகளில் அது மிக அரிது. மருந்தின் அடர்த்தியைப் பொறுத்து 60 கிலோ உடம்புக்கு 6 அல்லது 12 மில்லி போடுவார்கள். தலைக்குள் இருக்கும் தமனிகளைப் பார்க்க ஊசியே தேவையில்லை. ‘எனக்கு இது கட்டாயமா’ என்று கேளுங்கள்.

1.5 டெஸ்லா போதுமா, 3 டெஸ்லாதான் வேண்டுமா?
– வாசகி, திருவாரூர்

பக்கவாதத்துக்கும் சிரை அடைப்புக்கும் 1.5 தாராளம். சின்னஞ்சிறு வீக்கம், குழாய்ச் சுவரின் அழற்சி ஆகியவற்றைத் தேடும்போதுதான் 3 கைகொடுக்கும்.

மாமாவுக்குத் திடீரென்று தலைசுற்றல். நிற்க முடியவில்லை, வாந்தி. எம்.ஆர்.ஐ. நார்மல். ஆனாலும் அட்மிட் செய்து, இரண்டு நாள் கழித்து மறுபடி எடுக்கலாம் என்கிறார்கள். பில்லை ஏற்றப் பார்க்கிறார்களா?
– வாசகர், ஒரத்தநாடு

இந்த விஷயத்தில் அப்படி நினைக்காதீர்கள். மூளைத்தண்டிலும் சிறுமூளையிலும் வரும் சிறிய அடைப்பு, முதல் ஒன்றிரண்டு நாள் டி.டபிள்யூ.ஐ.யிலேயே தெரியாமல் போகலாம். அந்த நேரத்தில் ஸ்கேனைவிட மருத்துவரின் கண்ணுக்குத்தான் நம்பகம் அதிகம்: கருவிழி எந்தப் பக்கம் துள்ளுகிறது, பார்வை மேலும் கீழுமாக விலகுகிறதா, உட்காரவாவது முடிகிறதா என்று பார்ப்பார். பிடித்துக்கொள்ளாமல் உட்காரவே முடியாதவரைக் ‘காதுக் கோளாறு’ என்று வீட்டுக்கு அனுப்புவது தப்பு. முதல் ஸ்கேனின் படங்கள் பதிவான டிஸ்க்கைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காகித ரிப்போர்ட் மட்டும் போதாது, இரண்டாம் படத்தோடு அதை ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.